தரை இறங்குமுன் தெரிந்துகொள்ளுதல்

அவையோர்க்கு வணக்கம்.

நிலத்தடியில் நிலக்கரியை வெட்டியெடுத்தால் மேலேயுள்ள தரை எவ்வளவு இறங்கும் என்பதை முன்கூட்டியே கணக்கிட முடியும். பிரிட்டனின் தேசிய நிலக்கரி வாரியம், பல சுரங்கங்களுக்கு மேலே தரையை அளந்து திரட்டிய விவரங்களைக் கொண்டு, 1966-இல் இதற்கென ஒரு கையேட்டையே வெளியிட்டது. அதன்படி, 200 மீட்டர் ஆழத்தில் 2 மீட்டர் கனமுள்ள அடுக்கை முழுவதும் எடுத்து, கூரையை இடிந்து விழவிட்டால், வெட்டிய பரப்பின் அகலம் சுமார் 280 மீட்டரை எட்டும்போது நடுவில் தரை ஏறத்தாழ 1.8 மீட்டர் இறங்கும். வெட்டிய எல்லைக்கு அப்பாலும் 140 மீட்டர் வரை அதன் பாதிப்பு பரவும்.

ஆனால் வீட்டை உடைப்பது இறக்கம் அன்று, இறக்கத்தின் ஏற்றத்தாழ்வுதான். பள்ளத்தின் ஓரங்களில் தரை இழுபடுகிறது, நடுவில் நெருக்குண்ணுகிறது. செங்கற்களின் இணைப்பு வழியே படிக்கட்டுப் போல ஏறும் விரிசலும், நேற்றுவரை எளிதாகச் சாத்திய கதவு இன்று நிலையில் உரசுவதும் அதனால்தான். போலந்து அறிஞர் குனோத்தே 1950-களில் வகுத்த கணக்குமுறை, இந்தச் சரிவையும் இழுவிசையையும் இடத்துக்கு இடம் கணக்கிட்டுத் தருகிறது.

இத்தனையும் கையிலிருந்தும், மேற்கு வங்கத்தின் ராணிகஞ்சில் மக்கள் அச்சத்தோடுதான் வாழ்கிறார்கள். அதுவே என்னை வருத்துகிறது. 1774-இல் நிலக்கரி எடுக்கத் தொடங்கிய அந்தப் பகுதியில், ஆழம் குறைந்த இடங்களில் கூரையைத் தாங்க நிலக்கரியையே தூண்களாக விட்டுவிட்டு அறை அறையாக வெட்டினார்கள். நீரும் காலமும் அரித்து அத்தூண்கள் நொறுங்கும்போது தரை மெல்லச் சரிவதில்லை. திடீரென்று குழி விழுகிறது. எந்தச் சூத்திரத்துக்கும் ஆழமும் அகலமும் கனமும் வேண்டும். 1973-இல் தேசியமயமாவதற்கு முன் தனியார் வெட்டிய பழைய அறைகள் பலவற்றுக்கு நம்பத்தக்க வரைபடமே இல்லை. கைவிடும் சுரங்கத்தின் வரைபடத்தை ஒப்படைத்தாக வேண்டும் என்று பிரிட்டன் 1872-லேயே சட்டம் இயற்றியிருந்தது என்பதை நினைக்கும்போது, இழப்பின் அளவு புரிகிறது.

வரைபடம் இல்லாத இடத்தில் துளையிட்டுத்தான் பார்க்க வேண்டும். பாறையைக் குடைந்துகொண்டிருக்கும் தண்டு சட்டென்று தடையின்றிக் கீழே நழுவினால், அங்கே வெற்றிடம் இருக்கிறது. அந்த ஆழத்தைக் குறித்துக்கொண்டு, துளை வழியே கேமராவை இறக்கி, தூண் நிற்கிறதா என்று பார்த்து, தேவைப்பட்டால் மணலை நீரோடு கலந்து உள்ளே செலுத்தி நிரப்புகிறார்கள். பிறகு அடுத்த துளைக்கு நகர்கிறார்கள்.