225 கழற்றப்படாது: 1970 பிளிமத் டஸ்டர், முதல் வாரம்

வணக்கம். டெட்ராய்ட்டை அடுத்த எங்கள் வீட்டுக் கராஜிலிருந்து பேசுகிறேன். எனக்குப் பின்னால் நிற்பது 1970 மாடல் பிளிமத் டஸ்டர். பதினோரு ஆண்டுகள் ஒரு பண்ணைக் கொட்டகையில் கிடந்த இந்த வண்டி, போன வாரம்தான் இங்கே வந்து சேர்ந்தது. இதை நல்லதொரு மசில் காராக, அதாவது வேகத்துக்கும் இழுவைக்கும் பெயர்போன அமெரிக்க வகை வண்டியாக, எழுப்பப் போகிறேன். ஆனால் உள்ளே இருக்கும் 225 என்ற ஆறு சிலிண்டர் இன்ஜினைக் கழற்றப் போவதில்லை. இந்த முடிவுக்கு எப்படி வந்தேன், வேலையை எங்கிருந்து தொடங்குகிறேன் என்பதையெல்லாம் வண்டியைச் சுற்றி வந்தபடியே காட்டுகிறேன்.

முதலில் முன்கண்ணாடிக்குக் கீழே, ஓட்டுநர் பக்க மூலையில் இருக்கும் இந்தச் சிறிய தகட்டைப் பாருங்கள். வி, எல், 29, சி, 0, பி என்று தொடங்குகிறது. வி என்றால் டஸ்டர் சேர்ந்த வேலியன்ட் குடும்பம், எல் என்றால் விலை குறைந்த வகை, 29 என்பது இரண்டு கதவு உடல், சி என்பது 225 கன அங்குல ஆறு சிலிண்டர், 0 என்பது 1970, கடைசியில் நிற்கும் பி ஹாம்ட்ராம்க் ஆலை. டாட்ஜ் மெயின் என்று ஊரே அழைத்த அந்த ஆலை 1980 ஜனவரியில் மூடப்பட்டு, பிறகு இடிக்கப்பட்டது. அது நின்ற இடம் என் வீட்டிலிருந்து அரை மணி நேரப் பயணம்தான் என்பதால், இந்தத் தகட்டை முதன்முதலில் துடைத்துப் படித்தபோது சற்று நேரம் அப்படியே நின்றுவிட்டேன்.

டஸ்டர் என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது 275 குதிரைத்திறன் கொண்ட 340 வி8, அதாவது 340 கன அங்குல எட்டு சிலிண்டர் இன்ஜின்தான். ஆனால் 1970 மாடலில் விற்ற இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட டஸ்டர்களில் 340 வகை 25,000-ஐத் தொடவில்லை. மற்ற எல்லாம் சிக்கனமான ஆறு சிலிண்டரோடும் 318 வி8-ஓடும் வேலைக்கும் கல்லூரிக்கும் கடைக்கும் போய்வந்த வண்டிகள். இதுவும் அவற்றில் ஒன்று. அதன் பிறப்பை அழித்துவிட்டு 340 போல வேடம் போட எனக்கு மனம் வரவில்லை.

பானெட்டைத் திறக்கிறேன். இன்ஜின் நேராக நிற்காமல் பயணி பக்கமாக 30 டிகிரி சாய்ந்திருப்பதைப் பாருங்கள். இதனால்தான் இதற்குச் சாய்ந்த ஆறு என்று பெயர். பிளிமத்தின் தாய் நிறுவனமான கிரைஸ்லரின் பொறியாளர் வில்லம் வீர்ட்மன் தலைமையில் உருவான இந்த வடிவம் 1960 மாடல் வண்டிகளில் அறிமுகமானது. சாய்த்ததால் பானெட்டைத் தாழ்வாக அமைக்க முடிந்தது. ஓட்டுநர் பக்கத்தில் கிடைத்த இடத்தில், ஒவ்வொரு சிலிண்டருக்கும் காற்றும் பெட்ரோலும் போகும் குழாய்களை இவ்வளவு நீளமாக வளைத்து வைக்க முடிந்தது. பிஸ்டன்கள் சுழற்றும் தண்டான கிராங்க்கைத் தாங்க நான்கே மெயின் பேரிங்குகள், ஆனால் அது அடித்து உருவாக்கிய கனமான கிராங்க். நிறுவனம் அறிவித்தது 145 குதிரைத்திறன். ஏர் ஃபில்டர், சைலன்சர் எல்லாம் மாட்டிய நிலையில் அளக்கும் முறை வந்த பிறகு, 1972-இல் இதே இன்ஜினுக்கு 110 என்று அச்சிட்டார்கள். அந்த 110-ஐத்தான் நான் கணக்கில் வைத்திருக்கிறேன். ஆனால் நிமிடத்துக்கு 2,400 சுற்றிலேயே முழு இழுவையும் வந்துவிடுவதால், ஊருக்குள் ஓட்டும்போது இது சோம்பலான இன்ஜினாகத் தெரியாது.

பெரிய வி8 ஒன்றைத் தூக்கி வைத்துவிடலாமே என்று நண்பர்கள் கேட்கிறார்கள். இன்ஜினை மட்டும் மாற்ற முடிந்தால் அது நியாயமான கேள்விதான். இந்த வண்டியில் இன்ஜினைத் தாங்கும் கீழ்ச்சட்டமே வி8-க்கு வேறு. ஸ்பிரிங்குக்குப் பதிலாக முறுக்கிக்கொண்டு எடையைத் தாங்கும் முன்பக்க டார்ஷன் பார்கள் ஆறு சிலிண்டரின் எடைக்கு ஏற்ற மெல்லிய கம்பிகள், பின்பக்க ஆக்ஸில் 7¼ அங்குல அளவுள்ள சிறியது, முன் பிரேக் 9 அங்குல டிரம். 300 குதிரைத்திறனை உள்ளே வைத்தால் இவை ஒவ்வொன்றும் அடுத்தடுத்துக் கைவிடும். இப்படி முதல் பணத்தையெல்லாம் இன்ஜினில் கொட்டிவிட்டு, நிறுத்த முடியாத, ஓட்ட முடியாத வண்டியை ஆண்டுக்கணக்காகக் கராஜில் மூடி வைத்திருப்பவர்களை இந்த ஊரில் நிறையப் பார்த்துவிட்டேன்.

இந்த இன்ஜின் வைத்துக்கொள்ளத் தகுந்ததா என்பதைத்தான் முதல் மூன்று மாலைகளில் சோதித்தேன். ஸ்பார்க் பிளக்குகள் ஆறும் இந்த அலுமினியக் குழாய்களுக்குள் ஆழமாக உட்கார்ந்திருக்கின்றன. அவற்றைக் கழற்றி, ஒவ்வொரு துளைக்குள்ளும் எண்ணெய் ஊற்றி, ஒரு இரவு ஊறவிட்டேன். மறுநாள் இன்ஜினைக் கையால் சுழற்றியதும் தடையில்லாமல் சுழன்றது. பிறகு கார்ப்பரேட்டரை முழுதாகத் திறந்து வைத்து, ஒவ்வொரு சிலிண்டரும் காற்றை எவ்வளவு அழுத்துகிறது என்று காட்டும் கம்ப்ரஷனை அளந்தேன். ஐந்து சிலிண்டர்கள் சதுர அங்குலத்துக்கு 110 பவுண்டுக்கும் 118-க்கும் இடையே நின்றன. நான்காவது மட்டும் 85. அந்தத் துளையில் கொஞ்சம் எண்ணெய் விட்டு மறுபடி அளந்தபோதும் 85 தான். பிஸ்டனைச் சுற்றியிருக்கும் ரிங் தேய்ந்திருந்தால் எண்ணெய் அந்த இடைவெளியை அடைத்து முள்ளை உயர்த்தியிருக்கும். உயரவில்லை என்பதால் கசிவு வால்வு வழியாகத்தான் என்று புரிந்தது.

இந்த இன்ஜினில் வால்வு இடைவெளியைக் கையால்தான் சரிசெய்ய வேண்டும். சூடான நிலையில் இன்டேக்குக்கு 0.010 அங்குலம், எக்ஸாஸ்ட்டுக்கு 0.020. தொட்டியில் கிடந்த பழைய பெட்ரோல் வார்னிஷ் போல நாறியதால், ஒரு சிறிய புட்டியில் புதிய பெட்ரோலை வைத்துக் குழாய் கொடுத்து இன்ஜினை ஓடவிட்டேன். நன்றாகச் சூடேறியதும் ஓடிக்கொண்டிருக்கும்போதே, இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகளான ஃபீலர் கேஜைச் செருகினேன். நான்காவது எக்ஸாஸ்ட்டில் 0.020 தகடு நுழையவே இல்லை, 0.006 கூடப் பிடித்துக்கொண்டது. வால்வு முழுதாக மூட இடமே இல்லாமல் இருந்திருக்கிறது. வால்வைத் தள்ளித் திறக்கும் ராக்கரின் திருகைச் சிறிது சிறிதாகத் தளர்த்தத் தளர்த்த, இன்ஜினின் தடுமாற்றம் குறைந்து ஓட்டம் சீராவதை விரல் நுனியிலேயே உணர முடிந்தது. மறுபடி அளந்தபோது நான்காவது சிலிண்டர் 112 காட்டியது. 225 கழற்றப்படாது என்பது எனக்கு அந்த நிமிடமே உறுதியாகிவிட்டது.

இப்போது வருத்தமான பகுதிக்கு வருகிறேன். மிச்சிகனில் பனிக்காலச் சாலைகளில் உப்புத் தூவுவார்கள். அந்த உப்பு இரும்பைத் தின்றுவிடும். பின் சக்கரத்துக்குப் பின்னால் இந்த இடத்தில் காந்தத்தை வைக்கிறேன். ஒட்டாமல் விழுகிறது பாருங்கள். ஒரு கை அகலத்துக்கு இங்கே தகரமே இல்லை, வெறும் பட்டிதான் வைத்து மூடியிருக்கிறார்கள். டிக்கியின் தரையிலும் ஓட்டை இருக்கிறது. இவை பார்வைக்குத்தான் மோசம், தகரம் வாங்கி வெல்டிங் செய்துவிடலாம். எனக்குக் கவலை தந்தது முன் இருக்கைகளுக்குக் கீழே, வண்டியின் அகலத்துக்குப் போகும் குறுக்குச் சட்டம். டார்ஷன் பார்களின் பின்முனை இரண்டும் அதில்தான் ஊன்றியிருக்கின்றன. அது அழுகியிருந்தால் முன்பக்க எடையைத் தாங்கப் பிடிமானம் இருக்காது. திருப்புளியால் முழு நீளமும் குத்திப் பார்த்தேன். ஓட்டுநர் பக்க ஓரத்தில் மட்டும் முனை உள்ளே இறங்கியது, பார் ஊன்றும் இடம் கெட்டியாக இருக்கிறது. நீங்கள் இந்த வகை வண்டி வாங்கப் போனால், பெயின்ட்டைப் பார்க்கும் முன் இந்தச் சட்டத்தைத்தான் குத்திப் பார்க்க வேண்டும்.

பிரேக்கைப் பொறுத்தவரை, 1973-க்குப் பிந்தைய இதே குடும்பத்து வண்டியிலிருந்து முன் டிஸ்க் பிரேக்கை முழுத் தொகுப்பாக எடுத்து மாட்டப் போகிறேன். அதன் போல்ட் வட்டம், அதாவது சக்கர போல்ட்டுகள் அமைந்த வட்டத்தின் விட்டம், 4½ அங்குலம், இந்த வண்டியுடையது 4 அங்குலம். ஆகவே பின் ஆக்ஸிலையும் சக்கரங்களையும் சேர்த்தே மாற்ற வேண்டும் என்று பட்ஜெட்டில் எழுதிவிட்டேன். இன்னொரு செய்தியையும் மறக்காதீர்கள். இடது பக்கச் சக்கரங்களின் போல்ட் நுனியில் எல் என்ற எழுத்து பொறித்திருக்கிறது. அது இடது மரை. வழக்கம்போலத் திருப்பினால் இன்னும் இறுகி, போல்ட்டே முறிந்துவிடும்.

வயரிங்கில், பேட்டரிக்குப் போகும் சார்ஜ் மின்னோட்டம் முழுதும், இன்ஜின் அறையைப் பிரிக்கும் தடுப்புச் சுவரின் இணைப்பு வழியாக, மின்னோட்டம் காட்டும் டேஷ்போர்டு அம்மீட்டருக்குப் போய்த் திரும்புகிறது. ஐம்பது ஆண்டுகளில் அந்த முனைகள் பச்சை பிடித்துச் சூடேறி உருகும்; அதைத் தவிர்க்கத் தடித்த கம்பியில் தனிப்பாதை போடுவேன். இவை முடிந்த பிறகே இன்ஜினுக்கு இரட்டைத் துளைக் கார்ப்பரேட்டரும் எலெக்ட்ரானிக் இக்னிஷனும் நல்ல எக்ஸாஸ்ட்டும் வரும்.

நாளை காலை இருக்கைகளையும் கார்பெட்டையும் எடுத்துவிட்டு, தரையில் தகரத்தை வெட்டும் முன், இரண்டு கதவு வாசல்களிலும் இரும்புக் குழாய்களைக் குறுக்காக வெல்டிங் செய்து முட்டுக் கொடுப்பேன். அப்படிச் செய்யாமல் வெட்டினால் உடல் தொய்ந்து, பிறகு கதவுகள் மூடவே மூடாது. அந்தக் குழாய்களுக்கான அளவுகளை இப்போதே எடுத்து, இதோ இந்தச் சுவரில் சுண்ணாம்புக் கட்டியால் எழுதி வைத்திருக்கிறேன்.