தெருவிளக்கைப் பார்த்துக்கொண்டு ஒரு குளிர்காலம்

நேயர்களுக்கு வணக்கம்.

பிரிட்டனில் பனிக்காகக் காத்திருப்பவர்கள் என்று ஒரு கூட்டமே உண்டு. நவம்பர் பிறந்ததும் வானிலை வரைபடங்களை விரித்துவைத்துப் பேச உட்காருவார்கள், மார்ச் வரை எழுந்திருக்க மாட்டார்கள். பனி கொட்டுகிற ஆண்டில் இவர்களிடம் பேச்சு குறைவு, ஆளுக்கொரு பக்கம் வெளியே நிற்பார்கள். பனி ஏமாற்றிய ஆண்டில்தான் பேச்சு நீளும். 2019-20 அப்படிப்பட்ட குளிர்காலம். வடதுருவத்துக்கு மேலே சுற்றும் காற்றுச்சுழல் அந்த ஆண்டு இறுகிக் கிடந்தது. கடுங்குளிர் அதற்குள்ளேயே அடைபட்டுப்போனது. அட்லாண்டிக்கிலிருந்து புயல் மேல் புயலாக வந்து, பிரிட்டனின் பதிவுகளிலேயே அதிக மழை பெய்த பிப்ரவரியாக அந்த மாதம் முடிந்தது. தென் இங்கிலாந்தில் பனியைக் கண்ணால் பார்த்தவர்களே அபூர்வம்.

ஒரு சொல்லைத் தெளிவாக்கிவிடுகிறேன். பனி என்றதும் நமக்கு மார்கழிப் பனி, புல்நுனியில் நிற்கும் துளி நினைவுக்கு வரும். இங்கே பேசுவது வானத்திலிருந்து வெள்ளையாக இறங்கும் பனி, பேச்சுவழக்கில் ஸ்னோ.

இரவு ஒன்பதரை மணிக்கு மேல் இவர்கள் பேச்சு திடீரென்று சூடு பிடிக்கும். அமெரிக்காவின் ஜிஎஃப்எஸ் என்னும் வானிலைக் கணிப்பு மாதிரி கணினியில் ஒரு நாளைக்கு நான்கு முறை ஓடுகிறது. அதில் 18 மணி ஓட்டத்தின், அதாவது மாலை ஆறு மணி நிலவரத்தை வைத்து ஓடுவதன், படங்கள் குளிர்காலத்தில் அந்த நேரத்தில்தான் வரத் தொடங்கும். மதுக்கடைகளில் கூட்டம் இருக்கிற நேரம் என்பதால் அதற்கு ‘பப் ரன்’ என்றே பெயர் வைத்துவிட்டார்கள். 384 மணிநேரம், அதாவது 16 நாள் வரை அது படம் காட்டும். பன்னிரண்டாம் நாள் படத்தில் சைபீரியக் குளிர் லண்டன் வாசலில் நிற்கும். காலை ஓட்டத்தில் அது காணாமல் போயிருக்கும். ஐந்தாறு நாளுக்கு அப்பாலுள்ள படங்களை ‘ஃபேன்டசி ஐலண்ட்’ என்கிறார்கள். கற்பனைத் தீவு. பெயர் வைத்தவர்களே தினமும் இரவு அந்தத் தீவுக்குக் குடிபோகிறார்கள் என்பதுதான் மனத்தை வருத்துகிறது. தொடக்கத்தில் சிறிதாக இருக்கும் பிழை நாளுக்கு நாள் பெருகும். பத்து நாள் தள்ளி ஒரே ஒரு படத்தை நம்புவதற்கு ஆதாரம் கிடையாது.

அதற்குப் பதிலாக அதே மாதிரியைத் தொடக்க நிலையைச் சிறிது சிறிது மாற்றி 31 முறை ஓட்டிய வரைகோட்டுப் படத்தைப் பாருங்கள். வெப்பநிலையைக் காட்டும் 31 கோடுகளில் இருபத்தைந்து பூஜ்யத்துக்கு மேலே ஒன்றாகப் போக, ஒன்று மட்டும் மைனஸ் 10-க்கு விழுந்திருந்தால், அது மந்தையை விட்டு விலகிய ஆடு. அதன் பின்னால் போகாதீர்கள். அடுத்தடுத்த மூன்று ஓட்டங்களில் கீழே இறங்கும் கோடுகள் ஐந்து, ஒன்பது, பதினைந்து என்று கூடிக்கொண்டே வந்தால், அப்போது பேசலாம்.

முதலில் பார்க்க வேண்டியது வெப்பநிலையைக் கூட இல்லை, காற்றழுத்தத்தை. கிரீன்லாந்து மேலோ ஸ்காண்டிநேவியா மேலோ உயர் அழுத்தம் அமர்ந்து, மேற்குக் காற்றின் வழியை மறிக்க வேண்டும். அதே உயர் அழுத்தம் பிரான்ஸ், மத்திய ஐரோப்பாப் பக்கம் உட்கார்ந்துவிட்டால் தென்மேற்கிலிருந்து இதமான காற்றைத்தான் ஏற்றிவிடும். அதற்கு ‘பார்ட்லெட் ஹை’ என்று பெயர். பனிப் பிரியர்களுக்கு அந்தப் பெயரைக் கேட்டாலே முகம் வாடிவிடும். இரண்டு மூன்று வாரம் அசையாமல் கிடக்கும்.

அழுத்தம் சரியாக அமைந்த பிறகுதான் வெப்பநிலை. 850 மில்லிபார் மட்டத்தில், அதாவது சுமார் 1,500 மீட்டர் உயரத்தில், மைனஸ் 5 டிகிரியோ அதற்குக் கீழோ இருந்தால் பனிக்கு வாய்ப்பு. இது தோராயக் கணக்குதான். பிரிட்டனுக்குக் கிழக்கே உள்ள வடகடல் மேல் வரும் காற்றுக்கு இது போதாது. பிப்ரவரியில் அந்தக் கடல்நீர் ஆறேழு டிகிரி இருக்கும். கடல்நீருக்கும் 1,500 மீட்டர் உயரக் காற்றுக்கும் 13 டிகிரியாவது வித்தியாசம் இருந்தால்தான் மேகம் நன்றாகக் கிளம்பும். ஆகவே மைனஸ் 8, மைனஸ் 10 தேடுங்கள். கிழக்குக் காற்று தேம்ஸ் முகத்துவாரத்தோடு ஒரே கோட்டில் நின்றால், அந்த மேகங்கள் வரிசையாக லண்டனுக்குள் வரும். ‘தேம்ஸ் ஸ்ட்ரீமர்’ என்பது அதுதான். குறுகலான பட்டை. காற்று சற்றே திரும்பினால் பனி முழுவதும் கென்ட் பக்கமோ எஸ்ஸெக்ஸ் பக்கமோ போய்விடும், பக்கத்துப் பகுதி காய்ந்து கிடக்கும்.

கடைசி நாளில் பெரும்பாலோர் தவறவிடுவது ஒன்று உண்டு: பனிநிலை. காற்றிலுள்ள ஈரம் நீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலை அது. இந்தச் சொல்லிலுள்ள பனி நம் மார்கழிப் பனி. இரண்டு மாலைகளை ஒப்பிட்டுப் பாருங்கள். ஒரு மாலை வெப்பமானி 3 டிகிரி காட்டுகிறது, பனிநிலை மைனஸ் 3. இன்னொரு மாலை வெப்பமானி 2 டிகிரி, பனிநிலை ஒன்றரை. எல்லோரும் இரண்டாவதுதான் குளிர் அதிகம், பனி விழும் என்பார்கள். விழாது. முதல் மாலையில் காற்று வறண்டிருக்கிறது. விழும் துகள் ஆவியாகும்போது சுற்றியுள்ள காற்றின் வெப்பத்தை உறிஞ்சும், வெப்பநிலை அரை டிகிரிக்கு அருகில் இறங்கிவிடும். ஈரத்துணி சுற்றிய வெப்பமானி காட்டும் அளவு அதுதான். அது ஒன்றுக்குக் கீழே வந்தால் பனி தரையைத் தொட நல்ல வாய்ப்பு உண்டு. இரண்டாவது மாலையில் காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருக்கிறது, குளிர்வதற்கு இடமே இல்லை. பெய்வது மழைதான்.

ஆனால் காற்றே வீசாமல் கனமாகப் பெய்தால் மழையும் பனியாக மாறும். மேலிருந்து விழுந்து வழியில் உருகும் பனி வெப்பத்தை இழுத்து இழுத்துக் காற்றை அடுக்கடுக்காகக் குளிர்விக்கிறது. காற்று பலமாக வீசினால் புதிய வெப்பக் காற்று வந்து அந்த வேலையைக் கெடுத்துவிடும். இந்த எல்லைக்கோட்டு நாட்களில் உயரம் மிக முக்கியம். தேம்ஸ் கரையில் மழை பெய்யும்போதே தென் லண்டனின் கிரிஸ்டல் பேலஸ் மேட்டில் வெள்ளையாக இருக்கும்.

அடுக்குமண்டலத் திடீர் வெப்பமாதல், அதாவது வெகு உயரத்துக் காற்று சில நாளில் சட்டென்று சூடாவது, பற்றியும் சொல்ல வேண்டும், ஏமாந்த குளிர்காலங்களில் எல்லோரும் பிடித்துத் தொங்கும் கயிறு அது. துருவத்தைச் சுற்றி சுமார் 30 கிலோமீட்டர் உயரத்தில் வீசும் மேற்குக் காற்று கிழக்காகத் திரும்பிவிடும், குளிரை அடைத்துவைத்திருந்த காற்றுச்சுழல் உடையும். 2018 பிப்ரவரி 12 அளவில் அது நடந்தது, மாதக் கடைசியில் ‘பீஸ்ட் ஃப்ரம் த ஈஸ்ட்’ என்ற கிழக்குக் கடுங்குளிர்க் காற்று வந்து நாடே முடங்கியது. 2019 ஜனவரித் தொடக்கத்திலும் காற்று திரும்பியது. அதை வைத்து எல்லோரும் எதிர்பார்த்த நீண்ட கடுங்குளிர் பிரிட்டனுக்கு வரவே இல்லை. மேலே உடைந்த குளிர் கீழே எந்த நாட்டின் மேல் இறங்கும் என்பது வேறு கணக்கு.

இனி, காத்திருக்கும் இரவில் செய்ய வேண்டியவை. சன்னலிலிருந்து தெருவிளக்கின் ஒளிவட்டத்தை இருட்டுப் பின்னணியில் பாருங்கள். நேர்கோடாகச் சரசரவென்று விழுந்தால் மழை. நடுநடுவே வெள்ளைப் புள்ளிகள் தயங்கினால் கலப்பு. பனித்துகள் நொடிக்கு ஏறக்குறைய ஒரு மீட்டர்தான் இறங்கும், பக்கவாட்டில் அலையும், சில சமயம் மேலே கூட ஏறும்.

அளப்பதற்கு ஒரு வெள்ளைப் பலகையைச் சுவர், மரம், வேலியிலிருந்து தள்ளித் தட்டையாகப் போட்டுவையுங்கள். புல்லில் அளந்தால் பனி புல்நுனியில் தங்கி, ஆழத்தைக் கூட்டிக் காட்டும். மூன்று இடத்தில் அளவுகோலை நேராகக் குத்திச் சராசரி எடுங்கள். ஒரு மில்லிமீட்டர் மழைநீர் ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் பனி. ஈரப்பனியாக இருந்தால் அதைவிடக் குறைவு.

பிப்ரவரி முடிந்ததென்று பலகையை எடுத்து உள்ளே வைத்துவிடாதீர்கள். பிரிட்டனில் சராசரியாக டிசம்பரை விட மார்ச்சில்தான் பனி விழும் நாட்கள் சற்று அதிகம். 2018-இல் அந்தக் கிழக்குக் காற்று ஓய்ந்து இரண்டு வாரம் கழித்து, மார்ச் 17, 18 தேதிகளில் மறுபடியும் திரும்பி வந்தது.