சொல்லாமல் விட்டுக்கொடுப்பது உறவைக் காக்காது

மதிப்பிற்குரிய நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையோரே, வணக்கம். ‘இருவருக்கிடையிலான உறவு நிலைக்கப் பெரிதும் துணைநிற்பது விட்டுக்கொடுத்தலா, மனந்திறந்த பேச்சா?’ என்னும் தலைப்பில், மனந்திறந்த பேச்சே என்று வாதாட வந்திருக்கிறேன்.

எனக்கு முன் பேசிய எதிரணித் தலைவர், விட்டுக்கொடுப்பவர் கெட்டுப்போவதில்லை என்று சொல்லி அவையின் கைத்தட்டலைப் பெற்றார். அவர் கெடாமல் இருக்கலாம். அவர் காக்க நினைத்த உறவு என்னவாகிறது என்பதே என் கேள்வி. மற்றவருக்கு எது வேண்டும் என்று கேட்காமலே விட்டுக்கொடுக்கிறவர், அவருக்குத் தேவையில்லாததைத் தந்துவிட்டுத் தேவையானதை மறுத்துக்கொண்டிருக்கவும் கூடும். சற்றுத் தனித்திருக்க விரும்புகிறவரோடு நாள் முழுவதும் உடனிருந்துவிட்டு, அதையே தியாகமாக எண்ணுகிறவர்களை நாம் பார்த்ததில்லையா? இருவருமே நல்லவர்கள், இருவருமே வருந்துகிறார்கள்.

சொல்லாமல் விட்டுக்கொடுப்பவர் மனத்துக்குள் ஒரு கணக்கு எழுதி வருகிறார் என்பதையும் மறந்துவிடக் கூடாது. எதிரே இருப்பவருக்கோ அப்படியொரு கடன் இருப்பதே தெரியாது. என்றோ ஒருநாள், ஏதோ ஓர் அற்பக் காரணத்தை முன்னிட்டு, அத்தனையும் வட்டியோடு கேட்கப்படும்போது அவர் திகைத்து நிற்கிறார்.

வாஷிங்டன் பல்கலைக்கழகத்து உளவியலாளர் ஜான் காட்மன், ராபர்ட் லெவன்சனுடன் சேர்ந்து, தம்பதியரை ஆய்வுக்கூடத்தில் பேசவிட்டு, அவர்களுடைய சொற்களையும் முகக்குறிப்புகளையும் இதயத் துடிப்பையும் பதிவு செய்து ஆராய்ந்தவர். தம்பதியரின் பிணக்குகளில் ஏறத்தாழ 69 விழுக்காடு ஒருபோதும் முற்றாகத் தீர்வதில்லை என்பது அவர் கண்ட உண்மை. எதிரணியினர் இதைத் தங்களுக்குச் சான்றாகக் கொள்ளக்கூடும்: தீராத பிணக்கை விட்டுக்கொடுத்துத்தானே கடக்க வேண்டும் என்பார்கள். நான் நேர்மாறாகவே காண்கிறேன். இயல்பிலேயே வேறுபட்ட இருவரிடையே எழும் பிணக்கு, ஒருவர் இன்று பணிந்துவிட்டதால் மறைந்துவிடுவதில்லை; அது மீண்டும் வரும், ஒவ்வொரு முறையும் அதைப் பற்றிக் கனிவோடு பேசத் தெரிந்தவர்களே சேர்ந்து வாழ்கிறார்கள்.

உறவை அரிக்கும் நான்கு பழக்கங்களாகக் காட்மன் குறிப்பிடுபவை, ஆளையே குறைகூறுதல், இகழ்ச்சி, தற்காப்பு, பேச மறுத்து இறுகிவிடுதல் ஆகியவை. இவற்றுள் மிகக் கொடியது இகழ்ச்சியே. ஆனால் இந்த அவைக்கு நான் சுட்டிக்காட்ட விரும்புவது நான்காவதை. வெளியே கல்லாக அமர்ந்திருப்பவரின் இதயம் உள்ளே நிமிடத்துக்கு 100 முறைக்கு மேல் துடித்துக்கொண்டிருக்கக்கூடும். அதைப் பொறுமை என்றும் விட்டுக்கொடுத்தல் என்றும் நாம் பாராட்டிக்கொண்டிருக்கிறோமே, அது எனக்கு மிகுந்த வேதனை தருகிறது.

பேச்சு புண்படுத்தாதா என்று கேட்டார்கள். கோபத்தின் உச்சியில் பேசினால் புண்படுத்தும், மறுக்கவில்லை. அதனால்தான் குறைந்தது 20 நிமிடமாவது விலகியிருந்து, உடல் அமைதியடைந்த பின் பேச்சைத் தொடரச் சொல்கிறார் காட்மன். ‘இப்போது என்னால் முடியவில்லை, சிறிது நேரம் கழித்துப் பேசுவோம்’ என்று சொல்லிவிட்டு விலகுவதும் மனந்திறந்த பேச்சே. ஒன்றும் சொல்லாமல் எழுந்து போவதுதான் அடுத்தவரை வதைக்கிறது.

நடுவர் அவர்களே, அடுத்து வரும் எதிரணிப் பேச்சாளர் ஒன்றுக்கு மட்டும் விடை சொல்லட்டும்: ஒருவர் விட்டுக்கொடுத்ததை மற்றவர் கடைசிவரை அறியவே இல்லையென்றால், அந்த இருவருக்கும் இடையே அது எதைத்தான் வளர்த்தது?