அவர் எழுதிய ‘நானை’ இன்னொருவர் பேசலாமா?

சரி, அடுத்த கேள்வி. போன வீடியோவில் டெரெக் ஜார்மனின் ‘ப்ளூ’ படம் பற்றிப் பேசும்போது, 2023இல் அதன் பிரதியை நான்கு பேர் மேடையில் நேரடியாக வாசித்தார்கள் என்று ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போனேன். அதைப் பிடித்துக்கொண்டு ஒருவர் கேட்டிருக்கிறார்: “சாகும் தறுவாயில் ஒரு மனிதர் தன் நோயைப் பற்றித் தானே எழுதியது அது. அந்தக் காலத்தையே பார்க்காதவர்கள் அதை எடுத்து ‘நான்’, ‘நான்’ என்று மேடையில் பேசலாமா? எங்கிருந்து படிக்கத் தொடங்குவது என்றும் சொல்லுங்கள்.”

புதிதாக வந்தவர்களுக்காகக் கொஞ்சம் பின்கதை. ஜார்மன் இங்கிலாந்துக்காரர். 1942இல் பிறந்தவர். ஓவியர், திரைப்பட இயக்குநர், நாட்குறிப்பு எழுத்தாளர். தன்னை வெளிப்படையாக குயர் என்று சொல்லிக்கொண்டவர். ஆண்-பெண் காதல் என்ற வழக்கத்துக்குள் அடங்காதவர்கள், தமிழில் இப்போது பால்புதுமையர் என்கிறோம். 1986 டிசம்பரில் அவருக்கு எச்.ஐ.வி. இருப்பது தெரிந்தது. அதையும் மறைக்கவில்லை. அன்றைய பிரிட்டனில் அது சாதாரண விஷயம் கிடையாது. 1988இல் ‘செக்‌ஷன் 28’ என்று ஒரு சட்டப்பிரிவு வந்தது. உள்ளாட்சி அமைப்புகள் தன்பால் உறவை ‘ஊக்குவிக்க’க் கூடாது என்றது அது. இங்கிலாந்தில் 2003 வரை அமலில் இருந்தது.

கடைசி நாட்களில் நோய்த்தொற்றால் அவர் பார்வை மங்கிப்போனது. அப்போது எடுத்ததுதான் ‘ப்ளூ’. 79 நிமிடம். திரையில் நீல நிறம் மட்டும். முகம் கிடையாது, காட்சி கிடையாது. குரலும் இசையும்தான். நான் முதல்முறை பார்த்தபோது பத்து நிமிடத்திலேயே என் கண்ணுக்குள் மிதக்கிற தூசி மாதிரியான புள்ளிகள் அந்த நீலத்தில் தெரிய ஆரம்பித்தன. பார்வை போய்க்கொண்டிருக்கிற ஒருவர் நம் கண்ணை நமக்கே காட்டிவிட்டார்.

இப்போது கேள்விக்கு வருகிறேன். அந்தப் படத்தில் ‘நான்’ என்று பேசுவது யார்? ஜார்மன் மட்டும் என்று நினைத்துக்கொண்டுதான் இந்தக் கேள்வி வந்திருக்கிறது. இல்லை. நைஜல் டெர்ரி, ஜான் க்வென்டின், டில்டா ஸ்விண்டன், அப்புறம் ஜார்மன் என்று 1993லேயே நான்கு குரல்கள். ஆஸ்பத்திரியில் தனக்கு ஏற்றுகிற மருந்தின் பக்கவிளைவுகளை ஒவ்வொன்றாக, துண்டுச்சீட்டைப் படிப்பது போல வாசிக்கிற இடம் ஒன்று வரும். முடிவில், இதெல்லாம் வரலாம் என்று தெரியும் எனக் கையெழுத்துப் போடச் சொல்கிறார்கள், வேறு என்ன செய்வது, போடப்போகிறேன் என்பார். இன்னோரிடத்தில் கடை ஜன்னலில் ஒரு ஜோடி ஷூவைப் பார்க்கிறார். வாங்கலாமா என்று நினைத்து நின்றுவிடுகிறார். காலில் கிடப்பதே உயிரைவிட்டு நடந்துபோகப் போதும் என்கிறார். இப்படிப்பட்ட வரிகளைத்தான் தன் வாயோடு நிறுத்தாமல் நண்பர்களிடம் பிரித்துக் கொடுத்தார். ‘நானை’ முதலில் கைமாற்றியவர் அவரேதான்.

அவரும் வாங்கியவர்தானே! 16ஆம் நூற்றாண்டில் மார்லோ எழுதிய ‘இரண்டாம் எட்வர்ட்’ நாடகத்தை 1991இல் படமாக்கினார். மன்னருடைய படையாக வருகிறவர்கள், அன்று லண்டன் தெருவில் தன்பாலின உரிமைக்காகப் போராடிக்கொண்டிருந்த நிஜப் போராட்டக்காரர்கள். மார்லோவிடம் அனுமதி கேட்டா செய்தார்? கென்ட் கடற்கரையில், டஞ்சனெஸ்ஸில், அணு மின்நிலையத்துக்குப் பக்கத்தில் அவருக்கு ஒரு வீடு இருந்தது. கறுப்புத் தார் பூசிய மரவீடு, மஞ்சள் ஜன்னல் சட்டம். அதன் பக்கச் சுவரில் பழைய ஆங்கிலக் கவிஞர் ஜான் டன்னின் காதல் கவிதை மர எழுத்துகளில் பதித்திருக்கும். பெண்ணைக் காதலிக்கிற ஆணின் கவிதை அது. எடுத்துத் தன் வீட்டுச் சுவரில் மாட்டிக்கொண்டார்.

2023 நிகழ்ச்சிக்கு ‘ப்ளூ நவ்’ என்று பெயர். படம் வந்து 30 வருடம் ஆனதையொட்டிச் செய்தது. இயக்கியவர் நீல் பார்ட்லெட். மேடையில் இசைத்தது சைமன் ஃபிஷர் டர்னர். 1993இல் அதே படத்துக்கு இசையமைத்தவர். இவர்கள் இருவரும் அந்தக் காலத்தில் வாழ்ந்து வந்தவர்கள். பேசிய நால்வரில் ரஸ்ஸல் டோவி நடிகர். ஜோயெல் டெய்லரும் ஜே பெர்னார்டும் கவிஞர்கள். டெய்லர் 1967இல் பிறந்தவர், ஆகவே யாருமே அந்தக் காலத்தைப் பார்க்கவில்லை என்பதும் சரியில்லை. நான்காமவர் டிராவிஸ் அலபான்சா, நாடகக் கலைஞர். ஜார்மன் இறந்தது 1994 பிப்ரவரியில். அலபான்சா அதற்குப் பிறகு பிறந்தவர். ஆண், பெண் என்ற இரண்டு பெட்டிக்குள்ளும் தன்னை வைக்காதவர். ஆங்கிலத்தில் இப்படிப்பட்டவரை ‘ஹி’ என்பதா, ‘ஷி’ என்பதா என்று பிரதிப்பெயருக்கே பெரிய சண்டை நடக்கிறது. தமிழில் பாருங்கள், ‘அவர்’ என்று சொல்லிவிட்டு நான் பாட்டுக்குப் போய்க்கொண்டிருக்கிறேன்.

‘நம் பெயர் மறந்துபோகும், நாம் செய்ததை யாரும் நினைக்கப் போவதில்லை’ என்ற பொருளில் அந்தப் பிரதியின் கடைசியில் சில வரிகள் வரும். இதை ஜார்மன் சொல்லும்போது கேட்கிறவருக்கு அவர் சாகப்போவது தெரியும். அவர் போன பிறகு பிறந்த ஒருவர் மேடையில் நின்று அதையே சொன்னால் வரி தானாகவே பொய்யாகிவிடுகிறது. ஒரு சொல்லையும் மாற்ற வேண்டியதில்லை. பேசலாமா என்று கேட்டீர்கள். இதை நான் பதில் என்பேன்.

எனக்கு உறுத்துவது வேறொன்று. ஜார்மனுடைய அந்த டஞ்சனெஸ் வீட்டை விற்காமல் காப்பாற்ற 2020இல் மக்களிடம் நிதி திரட்டி 35 லட்சம் பவுண்டுக்கு மேல் சேர்த்தார்கள். நல்ல காரியம்தான், இப்போது கலைஞர்கள் அங்கே தங்கி வேலை செய்கிறார்கள். ஆனால் அந்த வீட்டைச் சுற்றி அவர் போட்ட கூழாங்கல் தோட்டத்தின் அழகிலேயே மயங்கி, அவரை ஏதோ சாந்தமான தோட்டக்காரத் தாத்தா ஆக்கிவிடுகிறார்கள். ஐயா, அந்த ஆள் கோபக்காரர்! நாட்குறிப்பில் ஒரு பக்கம் செடி முளைத்ததை எழுதுவார், அடுத்த பக்கம் அரசாங்கத்தைக் கிழிப்பார். செடியை மட்டும் வைத்துக்கொண்டு மிச்சத்தை விடுகிற அஞ்சலி எனக்கு ஒப்பவில்லை.

எங்கிருந்து தொடங்குவது? ‘ப்ளூ’வைக் கேளுங்கள், அப்புறம் 1989, 90 நாட்குறிப்புகள் அடங்கிய ‘மாடர்ன் நேச்சர்’. கேளுங்கள் என்றுதான் சொல்கிறேன், பாருங்கள் என்று இல்லை. 1993இல் சேனல் 4 தொலைக்காட்சியும் பிபிசி ரேடியோ 3யும் ஒரே நேரத்தில் அதை ஒலிபரப்பின. வானொலி நேயர்கள், கேட்கும்போது பார்ப்பதற்கு ஒரு நீல அட்டையைத் தபாலில் கேட்டு வாங்கிக்கொள்ளலாம் என்று வைத்திருந்தார்கள். உங்களுக்கு அட்டைகூட வேண்டாம், விளக்கை அணைத்துவிட்டு உட்காருங்கள். சரி, அடுத்த கேள்வி என்ன வந்திருக்கிறது, பார்ப்போம்.