கடைசிக் கட்டத்தில் பூஜ்ஜியம்

வணக்கம் நேயர்களே. நான் திருவொற்றியூர்க்காரன். சுற்றுச்சூழல் நிபுணர் எல்லாம் இல்லை, கம்பெனியில் கணக்கு எழுதினவன். கடைசி இரண்டு வருஷம், எங்கள் கம்பெனியின் 'நிலைத்தன்மை அறிக்கை'க்கு, அதாவது தண்ணீர், கழிவு, சுற்றுவட்டார மக்கள் விஷயத்தில் கம்பெனி எப்படி நடந்துகொண்டது என்று சொல்கிற அறிக்கைக்கு, எண் திரட்டித் தரும் வேலை என் தலையில் விழுந்தது. வழவழ தாளில், அட்டையில் ஒரு மரக்கன்றோடு வருமே, அதுதான்.

சந்தை மதிப்பில் முதல் 1000 இடத்தில் இருக்கிற நிறுவனங்கள் 2022-23 முதல் இதைக் கொடுத்தே ஆகவேண்டும் என்று பங்குச் சந்தையைக் கண்காணிக்கிற செபி சொல்லிவிட்டது. நல்லதுதான். அதற்கு முன்னால் எங்கள் ஆலையில் தண்ணீர் மீட்டரைக்கூட யாரும் ஒழுங்காகப் பார்த்ததில்லை. ஆனால் எண் போட்டவனுக்குத்தான் அதன் சூட்சுமம் தெரியும். ஒரு ரூபாய் விற்பனைக்கு எவ்வளவு கழிவு என்று ஒரு கணக்கு கேட்பார்கள். ஒரு பேச்சுக்கு, போன வருஷம் 10 கோடி விற்பனைக்கு 100 டன் கழிவு, இந்த வருஷம் 20 கோடிக்கு 150 டன் என்று வையுங்கள். அறிக்கையில் இரண்டும்தான் இருக்கும், ஆனால் கொட்டை எழுத்தில் போடுவது 'கழிவு 25 சதவீதம் குறைந்தது' என்பதை. ஆற்றுக்கு விற்பனை பற்றி என்ன கவலை, அதற்கு 50 டன் கூடியிருக்கிறது.

இன்னொன்று, அந்தக் கணக்கு எங்கள் காம்பவுண்டு சுவரோடு நின்றுவிடும். பக்கிங்காம் கால்வாயும் கொசஸ்தலையாறும் எண்ணூர் கழிமுகத்தில் வந்து சேர்கிற இடத்தில் நின்று பாருங்கள். அனல்மின் நிலையம், துறைமுகம், மணலி ஆலைகள், எல்லாமே ஒரே தண்ணீரைச் சுற்றித்தான். 'நாங்கள் அனுமதித்த அளவுக்குள்தான் விடுகிறோம்' என்று ஆளாளுக்குத் தனித்தனியாகச் சொல்லலாம், உண்மையாகவும் இருக்கலாம். மொத்தத்தைக் கூட்டிப் பார்க்க அந்த அறிக்கைகளில் இடமே இல்லை. போதாக்குறைக்கு வடசென்னை அனல்மின் நிலையம் மாநில அரசுடையது, பங்குச் சந்தையிலேயே கிடையாது, அதற்கு இந்த விதியும் இல்லை. நிலக்கரிச் சாம்பலைத் தண்ணீரில் கரைத்துக் குழாய் வழியே செப்பாக்கம் பக்கம் இருக்கிற சாம்பல் குட்டைக்கு அனுப்புகிறார்கள். குழாய் ஒழுகி ஒழுகி ஆற்றில் சாம்பல் படிந்து, நீரோட்டம் இருக்கிற இடத்திலேயே படகு தரை தட்டுகிறது. காட்டுக்குப்பத்தில் யாரைக் கேட்டாலும் முழங்காலைத் தொட்டுக் காட்டி ஆழம் சொல்வார்கள்.

2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் ஞாபகம் இருக்கும். வெள்ளத்தோடு மணலிப் பக்கமிருந்து எண்ணெய் இறங்கி, கழிமுகம் முழுக்க கருப்பாகி, கூழைக்கடாக்கள் எண்ணெயில் குளித்து நின்றன. முதல் சில நாள் அதை அள்ளினது யார்? மீனவர்கள், பக்கெட்டும் மக்கும் வைத்து. 2017 ஜனவரியில் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல் மோதிக் கசிந்தபோதும் இதே பக்கெட்தான். கிட்டத்தட்ட ஏழு வருஷத்தில் கருவி மாறவில்லை. புயல் வந்த அந்த 2023 டிசம்பர் கடைசியிலேயே, நடுராத்திரியில் பெரியகுப்பத்தில் அமோனியா கசிந்து ஜனங்கள் மூச்சுத் திணறித் தெருவுக்கு ஓடினார்கள்.

சரி, என் கதைக்கு வருகிறேன். படிவத்தில் ஒரு கட்டம் உண்டு, 'சுற்றுவட்டார மக்களிடமிருந்து வந்த புகார்கள் எத்தனை' என்று. நான் போட்டது பூஜ்ஜியம். கம்பெனி இணையதளத்தில் புகார்ப் படிவம் இருந்தது, ஆங்கிலத்தில். அதில் ஒன்றும் வரவில்லை, அதனால் பூஜ்ஜியம். வேலையை விட்ட பிறகு ஒருநாள் பழைய வாட்ச்மேன் அண்ணனை டீக்கடையில் பார்த்தேன். பேச்சுவாக்கில் சொன்னார், "குப்பத்துப் பொம்பளைங்க வாராவாரம் கேட்டாண்ட வந்து கத்துவாங்க தம்பி, நோட்டுல எழுதி வெச்சிருக்கேன்." எத்தனை நோட்டு என்று கேட்டேன். மூன்று என்றார்.