அடகு வைத்தவர் யார்?

நேயர்களுக்கு வணக்கம். கலிஃபோர்னியாவில் வீடு, மனை விற்றுக் கொடுக்கும் முகவராக வேண்டும் என்றால் மாநில ரியல் எஸ்டேட் துறை நடத்தும் தேர்வை எழுதித் தேற வேண்டும். அதற்கு எப்படித் தயாராவது என்று பேசச் சொல்லி என்னை அழைத்திருக்கிறார்கள். பதினோரு ஆண்டுகளாக ஞாயிற்றுக்கிழமை காலைகளில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் இதைச் சொல்லிக் கொடுத்து வருகிறேன். ஃபிரீமாண்ட், சன்னிவேல், டப்ளின் என்று சுற்று வட்டாரத்திலிருந்து வருவார்கள். பெரும்பாலும் பெண்கள். பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகத் தொடங்கிவிட்டார்கள், இனி எனக்கென்று ஒரு தொழில் வேண்டும் என்று வருபவர்கள். கணினி வேலை போய்விட்டதே என்று வருபவர்களும் உண்டு.

தெரிந்திருக்க வேண்டிய எண்களை முதலில் சொல்லிவிடுகிறேன். பதினெட்டு வயது நிரம்பியிருக்க வேண்டும். மூன்று பாடங்கள், ஒவ்வொன்றும் 45 மணி நேரம், ஆக 135 மணி நேரம் படித்து முடித்திருக்க வேண்டும். தேர்வில் 150 கேள்விகள். தரப்பட்ட விடைகளில் சரியானதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். மூன்று மணி நேரம். 70 விழுக்காடு எடுத்தால் தேர்ச்சி, அதாவது 105 கேள்விகள் சரியாக இருக்க வேண்டும். தேறிய பிறகும் தனியாகக் கடை விரிக்க முடியாது. புரோக்கர் லைசென்ஸ் உள்ள ஒருவரின் கீழ்தான் வேலை செய்ய வேண்டும்.

வருகிறவர்கள் எல்லோரும் முதல் நாளே ஒன்றைக் கேட்பார்கள்: "அக்கா, எந்தக் கேள்வித் தொகுப்பை மனப்பாடம் செய்தால் போதும்?" அப்படிக் கேட்பது இயல்புதான். நாம் படித்து வந்த பள்ளிக்கூடங்கள் அப்படி. ஆனால் ஆயிரம் கேள்விகளை உருப்போட்டுவிட்டுப் போய் இரண்டு முறை தோற்றவர்கள் என் மேசையில் அழுதிருக்கிறார்கள். கேள்வியில் ஒரு சொல்லை மாற்றினால் உருப்போட்ட விடை கைவிட்டுவிடும். பொருள் புரிந்தவருக்கு அந்தப் பயம் இல்லை.

சொற்களிலிருந்தே தொடங்குகிறேன். இந்தத் தேர்வில் பலரைத் தடுக்கி விழ வைக்கும் சொல் மார்ட்கேஜர். மார்ட்கேஜர் என்றால் யார், மார்ட்கேஜீ என்றால் யார்? பத்துப் பேரில் எட்டுப் பேர் மார்ட்கேஜர் என்றால் வங்கி என்பார்கள். கடன் கொடுப்பது வங்கிதானே என்று நினைத்துவிடுகிறார்கள். நான் சொல்வேன்: ஆங்கிலத்தைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள், நம் ஊர் அடகுக் கடைக்கு வாருங்கள். பள்ளிக் கட்டணம் கட்டப் பணம் இல்லை. அம்மா வளையலைக் கழற்றிக் கைக்குட்டையில் முடிந்துகொண்டு போகிறார். கடைக்காரர் உரைத்துப் பார்த்து, எடை போட்டு, சீட்டு எழுதிக் கொடுக்கிறார். அடகு வைத்தவர் யார்? அம்மா. பணம் வாங்கியவர் யார்? அதே அம்மா. அடகு வைப்பவர்தான் மார்ட்கேஜர், அடகு பிடிப்பவர் மார்ட்கேஜீ. வீட்டை அடமானமாகக் கொடுக்கிறவர் கடன் வாங்குகிறவர். இதை ஒரு முறை கேட்டவர் பிறகு தவறவிட்டு நான் பார்த்ததில்லை.

கலிஃபோர்னியாவில் பெரும்பாலும் டீட் ஆஃப் டிரஸ்ட் என்ற பத்திரத்தைத்தான் எழுதுகிறார்கள். அதில் மூன்று பேர். கடன் வாங்குகிறவர் டிரஸ்டர். கடன் கொடுத்த வங்கி பெனிஃபிஷியரி. நடுவில் மூன்றாவது ஆளாக டிரஸ்டீ. வீட்டின் உரிமையைப் பெயரளவுக்கு வைத்துக்கொண்டு, கடன் தீர்ந்ததும் திருப்பிக் கொடுப்பவர். அம்மாவின் வளையலை ஊர்ப் பெரியவர் ஒருவரிடம் கொடுத்து வைத்ததாக நினைத்துக்கொள்ளுங்கள். பணம் திரும்பினால் வளையல் அம்மாவுக்கு. திரும்பாவிட்டால் பெரியவரே அதை விற்றுக் கடன் கொடுத்தவரிடம் பணத்தைக் கொடுத்துவிடுவார்.

அடுத்தது ஏக்கர். நான் சொல்லாமல் விடாத கதை இது. காங்கேயம் பக்கத்திலிருந்து வந்த ஓர் அம்மாள், ஐம்பது வயதைக் கடந்தவர். மகளுக்குப் பேறுகாலம் பார்க்க வந்து, பிறகு கிரீன் கார்டு கிடைத்து இங்கேயே தங்கியவர். கணக்கு என்றாலே நடுங்குவார். ஓர் ஏக்கர் 43,560 சதுர அடி. இந்த எண்ணை எல்லோரும் உருப்போடுவார்கள், இவருக்கு மட்டும் நிற்கவே நிற்காது. ஒரு நாள், கால் ஏக்கர் மனை எத்தனை சதுர அடி என்று ஒரு கேள்வி. பேனாவை வைத்துவிட்டு, "கால் ஏக்கர் என்றால் இருபத்தைந்து சென்ட் அல்லவா?" என்றார். ஆமாம் என்றேன். "சென்ட்டுக்கு 435.6. அப்பா நிலம் அளக்கும்போது நான்தான் சங்கிலி பிடிப்பேன்" என்று சொல்லிக்கொண்டே பெருக்கினார். 10,890 சதுர அடி. சரியான விடை. மேசையைச் சுற்றியிருந்த எல்லோரும் வாயடைத்துப் போனார்கள். ஏக்கரில் நூற்றில் ஒரு பங்குதான் நம் சென்ட். அந்தத் தசமப் புள்ளியை இரண்டு இடம் தள்ளினால் இந்த ஊர் ஏக்கர் வந்துவிடும். நாற்பது வருடமாகக் கையிலிருந்த எண்ணை அவர் மறந்துவிட்டதாக நினைத்திருந்தார். அதற்குப் பிறகு அவர் கணக்குக்குப் பயந்ததே இல்லை.

டவுன்ஷிப், ரேஞ்ச் என்று நில அளவையில் இன்னொரு பகுதி இருக்கிறது. அதற்குப் படம் போட்டுக் காட்ட வேண்டும். வானொலியில் முடியாது, விட்டுவிடுகிறேன்.

இப்போது நான் சொல்ல வந்த முக்கியமான விஷயம். ஒவ்வொரு பகுதியிலிருந்தும் எவ்வளவு கேள்வி வரும் என்பதைத் துறையே வெளியிட்டிருக்கிறது. தொழில் நடைமுறையும் தெரிவிக்க வேண்டியவற்றைத் தெரிவிப்பதும் 25 விழுக்காடு. முகவரின் கடமைகள் 17 விழுக்காடு. இரண்டும் சேர்ந்தால் 42. 150 கேள்விகளில் ஏறத்தாழ 63. கடன், வட்டி பற்றிய பகுதி 9 விழுக்காடுதான். ஆனால் எல்லோரும் வட்டிக் கணக்கில்தான் மாதக் கணக்காக உட்கார்ந்திருக்கிறார்கள்.

இந்த 63 கேள்விகளும் சுற்றிச் சுற்றிக் கேட்பது ஒன்றைத்தான்: உனக்குத் தெரிந்ததை, உன் கண்ணில் பட்டதை, வாங்குகிறவரிடம் சொன்னாயா?

இதற்கு ஒரு வழக்கு இருக்கிறது. ஈஸ்டன் வழக்கு என்பார்கள். நம் பக்கத்து ஊர்க் கதைதான். டான்வில்லை அடுத்து, டையாப்லோ மலையடிவாரத்தில், ஓர் ஏக்கர் நிலத்தில் நீச்சல் குளத்தோடு ஒரு வீடு. 1976இல் 1,70,000 டாலருக்கு விற்பனையானது. வாங்கிய கொஞ்ச காலத்திலேயே நிலம் சரியத் தொடங்கியது. கொட்டி நிரப்பிய மண்ணைச் சரியாகக் கெட்டிப்படுத்தாமல் கட்டிய வீடு அது. முன்பும் சரிந்திருக்கிறது. விற்றவர் அதைச் சொல்லவில்லை, முகவர்களிடமும் சொல்லவில்லை. அப்படியானால் முகவர்கள் மேல் என்ன தவறு?

வீட்டைப் பார்க்கப் போனபோது சரிவில் வலை விரித்திருந்தது ஒருவர் கண்ணில் பட்டிருக்கிறது. நிரப்பிய மண் என்பது ஒருவருக்குத் தெரியும். தோட்டத்தில் இருந்த விருந்தினர் வீட்டின் தரை சமமாக இல்லை. கொஞ்சம் நின்று யோசித்துப் பாருங்கள். ஒரு சரிவில் யாராவது காரணமில்லாமல் வலை விரிப்பார்களா? கேட்டிருக்க வேண்டாமா? 1984இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதைத்தான் சொன்னது. தெரிந்ததைச் சொன்னால் மட்டும் போதாது. நியாயமான கவனத்தோடு வீட்டைச் சுற்றிப் பார்த்து, கண்ணுக்குத் தெரியும் குறைகளை வாங்குகிறவருக்குச் சொல்வது முகவரின் கடமை. பிறகு சட்டமன்றம் இதைச் சிவில் சட்டத் தொகுப்பின் 2079ஆம் பிரிவாக எழுதியது. சுவரை உடைத்துப் பார்க்கச் சொல்லவில்லை, கூரை மேல் ஏறச் சொல்லவில்லை. கண்ணைத் திறந்து வைத்துக்கொள்ளச் சொல்கிறது.

விற்பனைக்கு வந்த வீட்டை யார் வேண்டுமானாலும் வந்து பார்க்கத் திறந்து வைப்பதை ஓப்பன் ஹவுஸ் என்பார்கள்; நான் மாணவர்களை அழைத்துக்கொண்டு அதற்குப் போவேன். எதையும் சொல்ல மாட்டேன். திரும்பி வந்து, என்ன பார்த்தீர்கள் என்று கேட்பேன். முதல் தடவை எல்லோரும் சமையலறை கிரானைட்டைச் சொல்வார்கள். மூன்றாவது தடவை ஒருவர், "படுக்கையறை மூலையில் மட்டும் பெயின்ட் புதிதாக இருக்கிறது, கீழே பலகை உப்பியிருக்கிறது" என்பார். அன்றைக்கு அவர் தேர்வுக்குத் தயாராகிவிட்டார் என்று எனக்குத் தெரிந்துவிடும்.

நம் வீடுகளில் கட்டாயம் கேட்கும் கேள்வி ஒன்று: "இந்த வீட்டில் யாராவது இறந்திருக்கிறார்களா?" தேர்விலும் இது வரும். மூன்று ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டால், முகவர் தானாகச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் வாங்குகிறவர் நேரடியாகக் கேட்டால், எத்தனை ஆண்டுகள் ஆகியிருந்தாலும் பொய் சொல்லக் கூடாது. கேட்கிறவருக்கு மறைக்கக் கூடாது என்பதை மறுபடியும் சொல்கிறேன், ஏனென்றால் மூன்று ஆண்டு என்ற எண்ணை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு விடையைத் தவறவிடுகிறார்கள்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து நான்கு விரலைக் காட்டுகிறார்கள். நான்கு நிமிடத்தில் பாகுபாடு பற்றிய சட்டத்தைச் சொல்லியாக வேண்டும். "நம் ஆட்கள் நிறைய இருக்கும் பகுதியாகப் பார்த்துக் காட்டுங்கள்" என்று நம்மவர்கள் சாதாரணமாகக் கேட்பார்கள். முகவர் அதை ஏற்று, இனத்தையோ மதத்தையோ பிறந்த நாட்டையோ பார்த்து ஒரு பகுதிக்கு ஆட்களைத் திருப்பிவிட்டால் அதற்கு ஸ்டீரிங் என்று பெயர். சட்டப்படி குற்றம். நல்லெண்ணத்தில் செய்தாலும் குற்றம். பகுதியை வாங்குகிறவர்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். அவர் பணத்துக்கும் தேவைக்கும் பொருந்துகிற எல்லா வீடுகளையும் நாம் காட்ட வேண்டும்.

இதை வெறும் விதியாகப் படிக்காதீர்கள். இதே கலிஃபோர்னியாவில் 1913இல் ஒரு நிலச் சட்டம் வந்தது. குடியுரிமை பெறத் தகுதியில்லாத வெளிநாட்டவர் விவசாய நிலம் வாங்க முடியாது என்றது. இந்தியர்களுக்குக் குடியுரிமைத் தகுதி இல்லை என்று 1923இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது; அதனால் இங்கே பயிர் செய்துகொண்டிருந்த பஞ்சாபிகளும் அந்தச் சட்டத்தில் சிக்கினார்கள். இந்தியர்கள் குடியுரிமை பெறும் வழி 1946இல்தான் திறந்தது. 1952இல் மாநில உச்ச நீதிமன்றம் அந்த நிலச் சட்டத்தையே செல்லாது என்றது. வீட்டுவசதிப் பாகுபாட்டைத் தடுக்கும் கூட்டாட்சிச் சட்டம் 1968இல் வந்தது. நாம் இன்று ஃபிரீமாண்ட்டில் வீடு வாங்கிக் குடியிருக்கிறோம் என்றால், இந்த ஆண்டுகளுக்கு அதில் பங்கிருக்கிறது. இவை நெஞ்சில் தைத்தால் இந்தப் பகுதியில் ஒரு கேள்வியும் தவறாது.

தேர்வு நாளைப் பற்றி விரிவாகச் சொல்ல நினைத்திருந்தேன், ஒரு நிமிடம்தான் இருக்கிறது. நமக்கு அருகில் உள்ள மையம் ஓக்லாண்ட். தேறிவிட்டால் மதிப்பெண் சொல்ல மாட்டார்கள். தோற்றால்தான், எந்தப் பகுதியில் எவ்வளவு என்று விவரம் வரும். அந்தத் தாளைத் தூக்கி எறியாமல் என்னைப் போன்ற யாரிடமாவது கொண்டு வாருங்கள், அடுத்த முறை எங்கே படிப்பது என்று அதுவே காட்டும். கடைசியாக ஒன்று, தமிழர்களுக்கென்றே. இனிஷியலா, அப்பா பெயரா, கணவர் பெயரா என்ற குழப்பம் நமக்கு எப்போதும் உண்டு. விண்ணப்பத்தில் இருக்கும் பெயரும் அடையாள அட்டையில் இருக்கும் பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கட்டும். இன்றிரவே இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிடுங்கள். வணக்கம்.