ஒரு பெரிய போரும் ஜெயிக்காத ஷார்ன்ஹார்ஸ்டுக்கு ஏன் அவ்வளவு பேர்? நேயர் கேள்விக்கு விளக்கம்

வணக்கம். ஒரு நேயர் நல்ல கேள்வி கேட்டிருக்காரு. அப்படியே படிக்கிறேன்: "கிளாஸ்விட்ஸோட குரு ஷார்ன்ஹார்ஸ்ட்னு சொல்றீங்க. ஆனா அவர் ஜெயிச்ச பெரிய போர்னு ஒண்ணுமே இல்லையே? 1806ல நெப்போலியன்கிட்ட நொறுங்கிப் போன பிரஷ்யப் படையோட சீஃப் ஆஃப் ஸ்டாஃபே அவர்தானே? அப்புறம் ஏன் அவரை ஜெர்மன்காரங்க இன்னிக்கும் கொண்டாடறாங்க? அவரு ஜெனரலா, வாத்தியாரா? அந்த 42,000 பேர் கணக்குல நெப்போலியனை ஏமாத்தி லட்சக்கணக்கான பேரை ரகசியமா தயார் பண்ணாருங்கறது உண்மையா?"

புதுசா கேக்கறவங்களுக்கு ஒரு வரி: ஷார்ன்ஹார்ஸ்ட், அன்னிக்கு ஜெர்மன் நாடுகள்ல ஒண்ணா இருந்த பிரஷ்யாவோட படையைச் சீர்திருத்தின ஜெனரல்; கிளாஸ்விட்ஸ், 'போரைப் பற்றி'ங்கற புகழ்பெற்ற நூலை எழுதினவர்; சீஃப் ஆஃப் ஸ்டாஃப்னா தளபதிக்குத் திட்டம் போட்டுக் கொடுக்கிற தலைமை உதவி அதிகாரி. நேயர் சொல்ற தகவல் சரிதான், அந்த லட்சக்கணக்கான பேர் கதை மட்டும் மிகை, அதைக் கடைசியில பார்ப்போம். ஷார்ன்ஹார்ஸ்ட் ஒரு முழுப் படைக்குத் தளபதியா நின்னு போர் நடத்தினதே கிடையாது. ஜெனரலா வாத்தியாரான்னா, ரெண்டையும் பிரிக்க முடியாது. மேதை ஒருத்தன் வந்து படையைக் காப்பாத்துவான்னு ஒரு நாடு காத்திருக்கக் கூடாது, சுமாரான ஆளையும் உருப்படியான அதிகாரியா ஆக்குற ஏற்பாடு வேணும்னு நினைச்சவர் அவர். அதை எங்க, எப்படிக் கத்துக்கிட்டாருங்கறதுல இருந்து ஆரம்பிக்கலாம்.

அவர் பிறந்தது 1755 நவம்பர் 12, வட ஜெர்மனியில ஹனோவர் பக்கத்துல போர்டெனாவ்ங்கற கிராமத்துல. அப்பா குதிரைப்படையில அதிகாரி அந்தஸ்து இல்லாத பதவியில இருந்து வெளிய வந்து, குத்தகைக்கு நிலம் எடுத்து விவசாயம் பண்ணவரு. பிரபு குடும்பம் கிடையாது. அந்தக் காலத்து ஜெர்மன் படைகள்ல அது பெரிய தடை. அவருக்கு வழி திறந்தது ஷௌம்பர்க்-லிப்பேங்கற குட்டி நாட்டோட பிரபு வில்ஹெல்ம். அவரு ஒரு ஏரிக்கு நடுவுல கல்லைக் கொட்டித் தீவு கட்டி, அது மேல வில்ஹெல்ம்ஸ்டைன்னு ஒரு கோட்டை கட்டி, அதுக்குள்ள ராணுவப் பள்ளிக்கூடம் நடத்தினாரு. 1773ல ஷார்ன்ஹார்ஸ்ட் அங்க சேர்ந்தாரு. கணக்கு, பீரங்கி, கோட்டை கட்டுற வித்தை எல்லாம் பாடம். காலையில படிச்சதை அதே தீவுல கையால செஞ்சு பார்க்கணும். இந்தப் பழக்கம் அவரை விட்டுப் போகவே இல்ல.

பிரபு 1777ல இறந்துட்டாரு. அடுத்த வருஷம் ஷார்ன்ஹார்ஸ்ட் ஹனோவர் குதிரைப்படையில சேர்ந்து, ரெஜிமென்ட் பள்ளியிலயே பாடம் எடுக்க ஆரம்பிச்சாரு. கொஞ்ச வருஷத்துல பீரங்கிப் படைக்கு மாறி, ஹனோவர் பீரங்கிப் பள்ளியில ஆசிரியர். பதவி உயர்வு ஆமை வேகம், கேப்டன் ஆகவே 1792 ஆயிடுச்சு. அந்த இடைவெளியில ராணுவப் பத்திரிகை நடத்தினாரு, அதிகாரிகளுக்கு மூணு தொகுதியில கையேடு எழுதினாரு. 1792லயே, போர்க்களத்துக்குச் சட்டைப்பையில எடுத்துட்டுப் போற மாதிரி ஒரு சின்னப் புத்தகம் போட்டாரு. முகாம் எப்படிப் போடணும், காவல் எங்க வைக்கணும், கிராமத்தை எப்படித் தற்காக்கணும், பீரங்கிக்கு எவ்வளவு தூரம், இந்த மாதிரி விஷயம்தான் அதுல. தத்துவம் கம்மி, அளவுதான் ஜாஸ்தி. ராத்திரி மழையில நிக்கிற லெப்டினன்ட்டுக்கு வேண்டியது அதுதானே.

அடுத்து போரே வந்துடுச்சு. 1793ல புரட்சி பிரான்ஸை எதிர்த்து ஹனோவர் படை இன்னிக்கு பெல்ஜியம் இருக்கிற பக்கத்துல ஃபிளாண்டர்ஸுக்குப் போகுது. 1794 ஏப்ரல் கடைசியில மெனின்ங்கற ஊர்ல ஹாமர்ஸ்டைன்னு ஒரு ஜெனரல் 2,000த்துச் சொச்சம் பேரோட மாட்டிக்கிட்டாரு. சுத்தி வளைச்ச பிரெஞ்சுப் படை சுமார் 20,000. உள்ள பிரான்ஸை விட்டு ஓடி வந்த ராஜ விசுவாசிகளும் இருந்தாங்க, பிடிபட்டா அவங்களுக்கு மரணம் நிச்சயம். ராத்திரியோட ராத்திரியா முற்றுகையை உடைச்சு வெளிய வந்தாங்க. ஹாமர்ஸ்டைன் தன் அறிக்கையிலயே அதுக்கான பெருமையை ஷார்ன்ஹார்ஸ்டுக்குக் கொடுத்தாரு. மேஜர் பதவி அப்படி வந்ததுதான். அப்போ "புத்தகப் புழு"ன்னு கேலி பண்ணவங்க வாயை அடைச்சது இந்த ஒரு ராத்திரி.

ஆனா ஜெயிச்ச கதையை விட, தோத்ததுக்கு அவர் தேடின காரணம்தான் முக்கியம். பயிற்சியில குறைஞ்ச பிரெஞ்சுப் படை ஏன் ஜெயிச்சுட்டே இருக்குங்கறது அன்னிக்கு எல்லா அதிகாரிகளையும் அரிச்ச கேள்வி. "அவங்க ஆள் ஜாஸ்தி, வெறி ஜாஸ்தி"ன்னு பலர் முடிச்சுக்கிட்டாங்க. ஷார்ன்ஹார்ஸ்ட் 1797ல எழுதின ஆய்வுல அதைத் தாண்டிப் போனாரு. அவங்க எல்லைக் கோட்டைகள் இருக்கிற இடம், சிதறி நின்னு சுடுற வீரர்கள், திறமை பார்த்து அதிகாரி ஆக்குறது, நேச நாடுகளுக்குள்ள ஒத்துமை இல்லாதது, இப்படி ஒவ்வொண்ணா பிரிச்சுப் பார்த்து, கடைசியில வந்து நிக்கிற இடம் சமுதாயம். ஒரு நாடு உள்ள எப்படி இருக்கோ அப்படித்தான் அதோட படையும் சண்டை போடும். இதை ஹனோவர்ல சொல்லிப் பலன் இல்ல, யாரும் காது கொடுக்கல.

1801ல பிரஷ்யாவுக்கு மாறினாரு. சும்மா போகல, நிபந்தனை போட்டுத்தான் போனாரு: லெப்டினன்ட் கர்னல் பதவி, கூடுதல் சம்பளம், பிரபு பட்டம். பேராசைன்னு நினைக்காதீங்க. பட்டம் இல்லாதவன் சொல்ற பாடத்தை பெர்லின்ல அன்னிக்கு எவனும் உட்கார்ந்து கேட்டிருக்க மாட்டான்.

பெர்லின்ல இளம் அதிகாரிகளுக்கான பள்ளி அவர் கைக்கு வந்துச்சு. எப்படி நடத்தினாருன்னா, விதியைச் சொல்லி மனப்பாடம் பண்ண விடல. ஒரு போரை எடுத்துக்கணும், வரைபடத்தைப் பிரிக்கணும், அந்தத் தளபதிக்கு அந்த நேரத்துல என்ன தெரியும், என்ன தெரியாதுன்னு முதல்ல எழுதணும். அப்புறம்தான் முடிவைப் பத்திப் பேச்சு. பத்துப் போரை மேலோட்டமா தெரிஞ்சுக்கிறதை விட ஒரு போரை அக்குவேறு ஆணிவேறா தெரிஞ்சுக்கிறது மேல்ங்கறது அவர் கட்சி. நல்ல பேச்சாளரும் இல்ல அவரு, இழுத்து இழுத்துப் பேசுவாரு, பார்க்கவும் ராணுவக்காரர் மாதிரி மிடுக்கா இருக்க மாட்டாருன்னு கூட இருந்தவங்களே எழுதி வெச்சிருக்காங்க. அந்த வகுப்புக்கு 21 வயசுல வந்தவர்தான் கிளாஸ்விட்ஸ். அடிப்படைப் படிப்பு போதாம ஆரம்பத்துல ரொம்பத் திணறினாரு. ஷார்ன்ஹார்ஸ்ட் விடாம தூக்கி விட்டாரு, முடிக்கும்போது வகுப்புல முதல் ஆள்.

இது இளைஞர்களுக்கு. சீனியர்களை வகுப்புல உட்கார வைக்க முடியாதே? அதுக்காக ராணுவச் சங்கம்னு ஒண்ணு ஆரம்பிச்சாரு. வாரா வாரம் கூட்டம், யாராவது ஒரு கட்டுரை படிக்கணும், மத்தவங்க விவாதிக்கணும். உறுப்பினர்கள் 200 பேர் வரைக்கும் போச்சு. பின்னாடி சீர்திருத்தம் பண்ண போயென், கிரோல்மன் எல்லாம் அந்தக் கூட்டத்துல உட்கார்ந்தவங்கதான். 1805ல படை திரட்டல் வந்ததும் சங்கம் கலைஞ்சு போச்சு.

இப்போ 1806க்கு வருவோம், நேயரோட முக்கியமான இடி இங்கதான். அக்டோபர் 14, அவுர்ஸ்டெட். பிரஷ்யாவோட பிரதான படை 50,000 பேர் அளவுக்கு. எதிர்ல நெப்போலியனோட தளபதி மார்ஷல் தாவூ, அவர்கிட்ட 27,000 பேர் இருந்தாலே ஜாஸ்தி. தளபதி பிரன்ஸ்விக் கோமகன், அவரோட சீஃப் ஆஃப் ஸ்டாஃப் ஷார்ன்ஹார்ஸ்ட். சண்டை சூடு பிடிக்கிற நேரத்துல கோமகனுக்குக் கண்ணுலயே குண்டு பாஞ்சுது. ஷார்ன்ஹார்ஸ்ட் அப்போ இடது பக்கம் சண்டையைப் பார்த்துக்கிட்டு இருந்தாரு. ராஜா அங்கயே இருக்காரு, ஆனா தானும் தலைமை ஏத்துக்கல, இன்னொருத்தரையும் நியமிக்கல. பின்னாடி ஜெனரல் கால்க்ராய்ட் கீழ இருந்த ரிசர்வ் படை சண்டைக்குள்ளயே வரல. கிட்டத்தட்ட ரெண்டு பங்கு ஆள் வெச்சிருந்த படை தோத்தது இப்படி. ஷார்ன்ஹார்ஸ்டுக்கும் காயம். அதோட பிரஷ்ய ஜெனரல் புளூஷர் கூட சேர்ந்து வடக்கே லூபெக் வரைக்கும் சண்டை போட்டுக்கிட்டே பின்வாங்கி, அங்க பிடிபட்டு, கைதி மாற்றத்துல வெளிய வந்தாரு. 1807 பிப்ரவரி ஐலாவ் போர்ல ஜெனரல் லெஸ்டாக்கோட பிரஷ்யப் படைக்கு ஆலோசகரா இருந்து, சாயங்காலம் அதே தாவூவோட படையைப் பின்னுக்குத் தள்ள வெச்சாரு. அதுக்குத்தான் பிரஷ்யாவோட உயர்ந்த விருது கிடைச்சுது.

அவுர்ஸ்டெட்ல அவருக்குத் தப்பு இல்லவே இல்லன்னு வாதாட வேண்டாம். ஆனா அங்க உடைஞ்சது எதுன்னு பாருங்க. தளபதி விழுந்தா அடுத்து யாருன்னு ஏற்பாடு இல்ல. சீஃப் ஆஃப் ஸ்டாஃபுக்கு உத்தரவு போடுற அதிகாரம் இல்ல. பின்னாடி பிரஷ்ய முறையில தளபதியும் சீஃப் ஆஃப் ஸ்டாஃபும் ஜோடியா பொறுப்பு சுமக்கறாங்களே, தளபதி புளூஷரும் அவரோட சீஃப் ஆஃப் ஸ்டாஃப் நைசெனாவும் மாதிரி, அது இந்தத் தோல்விக்குக் கிடைச்ச பதில்.

1807 ஜூலையில நெப்போலியனோட செஞ்ச தில்சித் சமாதானத்துக்கு அப்புறம் ராணுவ மறுசீரமைப்புக் குழுவுக்கு அவர்தான் தலைவர். 1808 ஆகஸ்ட் 6ல வந்த உத்தரவு, அமைதிக் காலத்துல அறிவும் படிப்பும், போர்க் காலத்துல வீரமும் நிதானமான பார்வையும், இதுதான் அதிகாரி பதவிக்குத் தகுதின்னு சொல்லுச்சு. பிறப்பு போச்சு. 17 வயசு ஆனவன் முதல்ல சாதாரணச் சிப்பாயா சேவை பண்ணணும், அப்புறம் எழுத்துத் தேர்வு, அதுக்கு மேல லெப்டினன்ட் ஆக இன்னொரு தேர்வு. காகிதத்துல சுலபமா இருக்கு. நடைமுறையில ரெஜிமென்ட் அதிகாரிகள் தங்களுக்குப் பிடிச்சவனைத்தான் தேர்ந்தெடுத்தாங்க, பிரபு பிள்ளைகளோட பங்கு ஒரே நாள்ல குறையல. வரிசைக்கு நடுவுல ஓட விட்டுப் பிரம்பால அடிக்கிற தண்டனையும் அதே மாசம் ஒழிஞ்சுது. குடிமகனைக் கூப்பிட்டு அடிக்க முடியாதுங்கறது அதுக்குப் பின்னாடி இருந்த கணக்கு.

1810 அக்டோபர் 15ல பெர்லின்ல அதிகாரிகளுக்கான போர்ப்பள்ளி திறந்தாங்க. பின்னாடி போர் அகாடமின்னு உலகமே பேசினது இதைத்தான். நுழைவுத் தேர்வு, மூணு வருஷப் படிப்பு. குளிர்காலம் முழுக்க வகுப்பு, கோடையில வேற படைப்பிரிவுல போய் வேலை. காலாட்படைக்காரன் பீரங்கியைத் தொட்டுப் பார்க்கணும். கிளாஸ்விட்ஸ் அங்க ஸ்டாஃப் வேலையும் (தளபதிக்குத் திட்டம் போட்டுக் கொடுக்கிற வேலை) சிறு போர்முறையும் (சின்னப் படைப்பிரிவுகள் நடத்துற சண்டை) சொல்லிக் கொடுத்தாரு. இந்த ஸ்டாஃப் காலேஜ் யோசனைதான் பல நாட்டுக்கும் பரவுச்சு. நம்ம ஊட்டி பக்கத்துல வெலிங்டன்ல இருக்கிற ராணுவ ஸ்டாஃப் காலேஜ், 1905ல தேவ்லாலியில ஆரம்பிச்சு, 1907ல குவெட்டாவுக்குப் போய், பிரிவினைக்கு அப்புறம் வெலிங்டனுக்கு வந்தது. அது நேரா பிரிட்டிஷ் வழி. ஆனா பிரிட்டிஷ்காரங்களே ஜெனரல் ஸ்டாஃப் அமைக்கும்போது பிரஷ்யாவை உத்துப் பார்த்தவங்கதான்.

அவர் எப்படி யோசிப்பாருங்கறதுக்கு ஒரு உதாரணம், துப்பாக்கிச் சோதனை. 6 அடி உயரம், 100 அடி அகலத்துக்குப் பலகை நிறுத்தி, ஒவ்வொரு நாட்டுத் துப்பாக்கியிலயும் 200 குண்டு சுட்டு, எத்தனை பட்டுதுன்னு எண்ணினாங்க. 100 காலடி (நடக்கிற எட்டுக் கணக்கு) தூரத்துல 1782 மாடல் பழைய பிரஷ்யத் துப்பாக்கி 92. பிரெஞ்சு 1777 மாடல் 151. பழைய பிரஷ்யத் துப்பாக்கியோட கட்டை கிட்டத்தட்ட நேரா இருக்கும், கன்னத்துல வெச்சுக் குறி பார்க்க வராது. வேகமா நிரப்பிக் கூட்டமா சுட்டாப் போதும்னு செஞ்ச துப்பாக்கி அது. புது பிரஷ்ய மாடல் 149க்கு வந்துடுச்சு. ஆனா 400 காலடிக்குப் போனா புதுசு 32தான், பழசு 42! அவ்வளவு தூரத்துல குறி கிறி எல்லாம் அதிர்ஷ்டம்தான்னு இந்த எண்ணே சொல்லுது. இதுவும் பலகைக்கு எதிர்ல, நிதானமா நின்னு சுட்டது. புகையில, பயத்துல கணக்கு ரொம்பக் கீழ இறங்கும். 1813ல இந்த முடிவுகளைப் புத்தகமாவே போட்டாரு.

கடைசியா அந்த 42,000 கணக்கு. 1808 செப்டம்பர்ல பாரிஸ் ஒப்பந்தப்படி பிரஷ்யா 42,000 பேருக்கு மேல படை வெச்சுக்கக் கூடாது, ஊர்க்காவல் படை மாதிரி எதுவும் கூடாது. அதைச் சமாளிக்க கிரம்பர் முறைன்னு ஒரு வழி. ஒவ்வொரு கம்பெனியிலும் மாசத்துக்கு 3 லேர்ந்து 5 பேரை லீவுல அனுப்பிட்டு, அந்த இடத்துல புது ஆளை எடுத்துப் பயிற்சி கொடுக்கறது. எண்ணிக்கை மாறாது, பயிற்சி பெற்றவங்க வெளிய சேர்ந்துக்கிட்டே வருவாங்க. இப்படி ஒன்றரை லட்சம் பேர் ரகசியமா தயார்னு ரொம்ப நாள் பாடப்புத்தகத்துலயே இருந்துச்சு. அது மிகை. 1813 ஆரம்பத்துல பணியில இருந்தவங்க, கிரம்பர் ஆட்கள் எல்லாம் சேர்த்தே சுமார் 65,000தான். காரணம் எளிது: பணம் இல்ல, துப்பாக்கி இல்ல, பிரெஞ்சு உளவாளிங்க நாடு முழுக்க இருக்காங்க, எல்லா ரெஜிமென்ட்டும் ஒரே ஒழுங்கா செய்யவும் இல்ல. நெப்போலியன் நெருக்கினதுல 1810ல ஷார்ன்ஹார்ஸ்டே போர்த் துறைப் பதவியை விட்டு விலக வேண்டி வந்துச்சு, ஜெனரல் ஸ்டாஃப் பொறுப்பை மட்டும் வெச்சுக்கிட்டாரு.

1813ல படையை உப்ப வெச்சது கிரம்பர் இல்ல, மார்ச் 17ல அறிவிச்ச லாண்ட்வேர், அதாவது குடிமக்கள் படை. ஒரு லட்சத்துக்கு மேல ஆள் சேர்ந்துச்சு. முதல்ல சேர்ந்த பிரிவுகள்ல முன் வரிசைக்கு ஈட்டிதான் கிடைச்சுது. பயிற்சி பெற்ற அதிகாரிகளுக்கும் பஞ்சம். ஆனா அவங்களை இழுத்துக் கட்ட நல்ல ஸ்டாஃப் இருந்துச்சு, 1806ல இல்லாதது அது.

அந்தப் படை கடைசியில ஜெயிச்சதை ஷார்ன்ஹார்ஸ்ட் பார்க்கல. 1813 மே 2, நெப்போலியனை எதிர்த்து நடந்த குரோஸ்கெர்ஷன் போர்ல புளூஷரோட சீஃப் ஆஃப் ஸ்டாஃபா இருந்தப்போ கால்ல குண்டு. பெரிய காயம் இல்லன்னு நினைச்சு, ஓய்வு எடுக்காம, ஆஸ்திரியாவைக் கூட்டணிக்கு இழுக்கக் கிளம்பிட்டாரு. வழியில காயம் சீழ் பிடிச்சு, ஜூன் 28ல பிராக்ல இறந்தாரு. நெப்போலியன் தோத்த லைப்சிக் போர் நடந்தது அக்டோபர்ல. 1955ல மேற்கு ஜெர்மனி புதுப் படையோட முதல் வீரர்களுக்கு நியமன ஆணை கொடுக்கத் தேர்ந்தெடுத்த தேதி நவம்பர் 12, அவரோட 200வது பிறந்தநாள். சரி, அடுத்த கேள்விக்குப் போகலாம்.